சிதறினால் மட்டும் உடையாது

இந்த வாரம் என் நிம்மதியைக் கெடுத்தது ஒரு தொலைக்காட்சி விவாதம். துப்பாக்கி சுடும் போட்டிகளைப் பற்றிப் பேச வந்தவர், “ரைஃபிளுக்குத்தான் குறி வேண்டும், ஷாட்கன்னில் முந்நூறு ரவை சிதறிப் போகிறது, ஏதாவது ஒன்று பட்டுவிடும்” என்றார். நெறியாளரும் தலையாட்டினார். பாரிஸில் 2024-இல் கலப்பு ஸ்கீட் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மகேஷ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் பறக்கவிட்ட 48 களிமண் தட்டுகளில் 43-ஐ உடைத்தார்கள். சீன இணை 44. ஒரே ஒரு தட்டில் பதக்கம் போயிற்று. ஏதாவது ஒன்று பட்டுவிடும் என்றால் அந்த ஐந்து தட்டுகள் எப்படி முழுசாகக் கீழே விழுந்தன? புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் வாங்கிய மூவரில் ஒருவர். அவர் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.

அந்த மனிதருக்குப் பதில் சொல்ல ஒரு பத்தி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பதில் முழுக்கக் குழலின் நுனியில் இருக்கிறது. களிமண் தட்டுப் பயிற்சிக்கு எந்த சோக் வாங்கலாம் என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களும் மேசையில் காத்திருக்கின்றன. ஆகவே அவரை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு போர் துப்பாக்கியின் குழல் உள்ளே ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். வாய்ப்பக்கத்தில் அதைச் சற்றே குறுக்குவதுதான் சோக். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்றால் கால் மில்லிமீட்டர் குறுகல், மாடிஃபைட் என்றால் அரை, ஃபுல் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. இந்த இம்மி அளவுதான் ரவைகள் எவ்வளவு தொலைவு வரை கூடிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 20 கஜத்தில் ஃபுல் சோக் ரவைகளை 40 செ.மீ. அகலத்துக்குள் வைத்திருக்கும், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 66 செ.மீ. வரை விரிக்கும். ஸ்கீட்டில் தட்டு உடைவது பெரும்பாலும் இந்தத் தொலைவில்தான். அங்கே ஃபுல் சோக்கோடு நிற்பவர், தனக்குக் கிடைக்க வேண்டிய அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் தானே தூக்கி எறிகிறார்.

ட்ராப்பில் கணக்கு தலைகீழ். அங்கே தட்டு நம்மைவிட்டு விலகி ஓடுகிறது; முப்பது மீட்டரைத் தாண்டித்தான் பலருக்கும் முதல் வெடி. தப்பினால் இரண்டாவது வெடி இன்னும் தள்ளி. பழைய அளவுகோல் இது: 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 சதவீத ரவைகளைக் கொண்டு சேர்க்கும், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50 சதவீதம். 24 கிராம் தோட்டாவில் முந்நூறு ரவை என்று வையுங்கள். தட்டின் குறுக்களவு 110 மி.மீ.; விளிம்பு மட்டும் தெரியும்படி பறந்தால் நமக்குக் கிடைக்கும் பரப்பு 28 சதுர செ.மீ.க்கு மேல் இல்லை. வட்டமோ 4,560. ரவைகள் சமமாகப் பரவினால்கூட, இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் தட்டின் மேல் சராசரியாக ஒரு ரவை கூட விழாது. ஃபுல்லில் ஒன்றேகால். குறி சரியாக இருந்தும் தட்டு முழுசாகப் போவது இதனால்தான்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அடுத்து எந்த நூலுக்குப் போவேன் என்று தெரியும். பாப் பிரிஸ்டர், ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழில் வேட்டை, மீன்பிடிப்பு பற்றி எழுதியவர். 1976-இல் ‘ஷாட்கன்னிங்: தி ஆர்ட் அண்ட் தி சயன்ஸ்’ வெளியிட்டார். அசையாமல் நிற்கும் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. பறப்பதைச் சுடுகிறோம், நிற்பதைச் சுட்டு எதைத் தெரிந்துகொள்வது என்று கேட்டார். இழுவை வண்டி ஒன்றில் 16 அடி நீளத்துக்குக் காகிதம் பொருத்தினார். குடும்பக் காரில் அதைக் கட்டி, மனைவி வேகமாக ஓட்டிப் போக, கணவர் பக்கவாட்டில் நின்று சுட்டார். ஒன்றிரண்டு தடவை அல்ல. தோட்டா மாற்றி, சோக் மாற்றி, ஓயாமல் சுட்டார். முன்னால் ஓடும் காரில் தன் மனைவி இருக்க, பின்னால் வரும் காகிதத்தை நோக்கிச் சுடுவதற்கும், அப்படிச் சுடுபவரை நம்பி வண்டி ஓட்டுவதற்கும் எவ்வளவு உறுதி வேண்டும்! அறிவியல் நூல்களில் அந்தப் பெண்மணிக்கு ஈடாக நான் மதிக்கும் உதவியாளர் வேறில்லை.

ஓடும் காகிதம் காட்டியது இதுதான்: ரவைகள் வட்டமாக ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை, நீளமான வரிசையாகப் போகின்றன. வெடிப்பின் அழுத்தத்தில் நசுங்கிய மென்மையான ஈய ரவைகள் வேகமிழந்து பின்தங்குகின்றன, ஓரத்துக்கு விலகுகின்றன. ஆன்டிமனி கலந்து கெட்டிப்படுத்திய ரவைகள் உருண்டையாகவே நின்று, நெருங்கிப் போகின்றன. மலிவான தோட்டாவைப் போட்டுவிட்டு, இறுக்கமான சோக்கால் அதைச் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்த நூல் எனக்குள் முறித்துப் போட்டது. சோக்கும் தோட்டாவும் சேர்ந்துதான் ஒரு முடிவைத் தருகின்றன.

எனவே கடிதம் எழுதியவர்களுக்கு: ஸ்கீட் பயில்பவர் ஸ்கீட் அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் தொடங்குங்கள். ட்ராப் என்றால் முதல் குழலுக்கு மாடிஃபைட் அல்லது அதைவிடச் சற்று இறுக்கம், இரண்டாவதற்கு ஃபுல். தப்பிய ஒவ்வொரு தட்டுக்கும் சோக்கைக் கழற்றி மாற்றாதீர்கள். பெரும்பாலும் பிழை துப்பாக்கி நகர்ந்த விதத்தில் இருக்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால், தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். எஃகு ரவை வாங்கினால், அந்த சோக் எஃகுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளர் குறிப்பைப் பாருங்கள். பழைய ஃபுல் சோக் குழலில் எஃகைப் போடவே கூடாது.

ரைஃபிள் கிளப்புகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். ஓடும் வண்டி வேண்டாம். திடலின் ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் ஒரு பலகை, அதில் ஒட்டப் பெரிய காகிதம், 30 அங்குல வட்டம் வரைய ஒரு கயிறும் பென்சிலும். புதிதாக வருபவர், தட்டை எந்தத் தொலைவில் உடைக்கப் போகிறாரோ அந்தத் தொலைவில், தன் தோட்டாவால் பத்துக் காகிதம் சுட்டுப் பார்த்த பிறகு சோக் வாங்கட்டும். இந்த ஆண்டுக்குள் செய்து கொடுங்கள்.