அண்ணன் கத்தினால் டென்ஷன், அக்கா கத்தினால் திமிர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தொழிலாளர்களோடு ஆய்வுக்காகப் பேசும்போதெல்லாம் ஒரு விசித்திரமான கணக்கைக் கேட்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் கெட்ட வார்த்தையில் திட்டும் ஆண் சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டால், "அண்ணன் அப்படித்தாங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு" என்கிறார்கள். அதே லைனில் ஒரு பெண் சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால், "பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?" அவர் தலித்தாகவும் இருந்துவிட்டால், "இவளெல்லாம் நம்மள அதிகாரம் பண்றா." ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

பெண் என்றால் கனிவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் அதிகாரத்திலுள்ள பெண்கள் மீது வெறுப்பாகத் திரும்புகிறது என்று ஆலிஸ் ஈக்ளியும் ஸ்டீவன் கராவும் 2002இல் எழுதினார்கள். சரிதான். ஆனால் நம் ஊருக்கு அது பாதிக் கோட்பாடு. யார் யாரைத் திட்டலாம் என்பதைக் கம்பெனி கேட்டைத் தாண்டும் முன்பே ஊரும் சேரியும் முடிவுசெய்துவிடுகின்றன.

கழிவறைக்குப் போய்வரும் நிமிடங்களை எண்ணும் பெண் சூப்பர்வைசருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதுவும் கொடுமைதான். அவர் மேல் வரும் கோபம் அண்ணன் மேல் ஏன் வருவதில்லை, மணிக்கு இத்தனை பீஸ் என்று இருவர் தலையிலும் புரொடக்சனைக் கட்டிய முதலாளி மேல் ஏன் வருவதே இல்லை என்றுதான் கேட்கிறேன்.

"அண்ணன் அப்படித்தான்" எதுவரை போகும்? திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான நாச்சி அப்பேரல்ஸ் ஆலை திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆள் நெடுநாளாகத் தொல்லை கொடுத்துவந்ததாகக் குடும்பத்தினரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம் அதில் இணைந்தது. பாலியல் தொல்லையைக் கவனித்து, புகாரை மேலே கொண்டுபோகும் பொறுப்பு லைனில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களிடமே வந்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளகப் புகார் குழுவின் தலைவராக மூத்த பெண் பணியாளர்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெண் ஓர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தால், லைனில் அவருக்கு என்ன பெயர் கிடைக்கும்?

தோழர்களே, நம் சங்கக் கூட்டங்களிலும் பேசும் பெண்ணுக்கு இதே பெயர்தானே கிடைக்கிறது?