ஒரே விமானம், இரண்டு கட்டணம்!
வேறு நாட்டில் போய் ஏறினால் பணம் மிச்சமாகுமா?

லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் புறப்படுகிறது. அதில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே சாப்பாடு. ஒரே நேரத்தில்தான் இருவரும் மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிறார்கள்.

ஆனால் இருவரும் கொடுத்த கட்டணம் ஒன்றல்ல!

ஒருவர் லண்டனில் ஏறியவர். அவர் பிரிட்டிஷ் சர்க்காருக்கு 102 பவுன் வரி கட்டியிருக்கிறார். மற்றவர் அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் பயணத்தைத் தொடங்கி, லண்டனில் விமானம் மாறியவர். அவர் அந்த வரியில் ஒரு காசுகூடக் கட்டவில்லை. அதிக தூரம் பறந்தவருக்கு வரி இல்லை. குறைந்த தூரம் பறந்தவருக்கு வரி!

இது என்ன வேடிக்கை?

வேடிக்கை அல்ல, சட்டம். இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, லண்டனில் வசிப்பவர்களில் சிலர் முதலில் டப்ளினுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வந்து போகிறார்கள். "இப்படிச் செய்தால் மலிவாமே!" என்று அவர்களில் யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருக்கலாம். அதில் உள்ள லாபம் என்ன, ஆபத்து என்ன என்று பார்ப்போம்.

தூரத்துக்குத் தகுந்த கூலி அல்ல

பஸ்ஸில் ஏறினால் தூரத்துக்குத் தகுந்தபடி டிக்கெட். விழுப்புரத்துக்கு ஒரு விலை. திருச்சிக்கு அதைவிட அதிகம். விமானத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சந்தைக் கணக்குதான்.

லண்டனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இருக்கிறது. எங்கும் மாறாமல், தூங்கி எழுந்தால் ஊர். அந்தச் சவுகரியத்துக்கு அதிக விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அதனால் கம்பெனி அதிகம் கேட்கிறது.

டப்ளினிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. லண்டனிலோ, துபாயிலோ, தோஹாவிலோ, அபுதாபியிலோ மாறித்தான் வரவேண்டும். அதனால் பல கம்பெனிகள் அதே பயணியை இழுக்கப் போட்டி போடுகின்றன. எதிரெதிரே நாலு கடை இருந்தால் விலை இறங்காதா? லண்டன் வழியாகக் கூட்டிப்போகும் கம்பெனியும் தன் விலையைக் குறைத்தே ஆகவேண்டும். அதே விமானத்தில் ஓர் ஆசனம் டப்ளின்காரருக்கு மலிவாகவும் லண்டன்காரருக்கு அதிகமாகவும் விற்பது இப்படித்தான்.

இது முதல் காரணம். இரண்டாவது காரணம், வரி.

பத்துப் பவுன் நூறு பவுன் ஆனது

பிரிட்டனில் விமானப் பயணிகள் வரி 1994 நவம்பரில் வந்தது. அப்போது ஐரோப்பாவுக்குள் போகிறவருக்கு 5 பவுன். அதற்கு அப்பால் போகிறவருக்கு 10 பவுன்.

பிறகு வரி ஏறிக்கொண்டே வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் உள்ள கணக்கு இது:

பக்கத்து நாடுகளுக்குச் சாதாரண வகுப்பில் போனால் 15 பவுன். இந்தியா போன்ற தூர நாடுகளுக்கு 102 பவுன். சிங்கப்பூர், மலேசியா போன்ற இன்னும் தூரமான நாடுகளுக்கு 106 பவுன்.

இது சாதாரண வகுப்புக்குத்தான். அதற்கு மேற்பட்ட வகுப்பில் இந்தியாவுக்கு வந்தால் 244 பவுன்! சாதாரண வகுப்பைவிடச் சற்றே வசதியான ஆசனத்துக்கும் இதே வரிதான்.

ஒரு சலுகை உண்டு. சாதாரண வகுப்பில் வரும் 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரி இல்லை.

அயர்லாந்திலும் ஒரு காலத்தில் விமான வரி இருந்தது. 2009-ல் போட்டார்கள். 2014 ஏப்ரலில் அடியோடு எடுத்துவிட்டார்கள். அதனால்தான் டப்ளினில் வரி பூஜ்யம்.

டப்ளினில் தொடங்கியவர் லண்டனில் மாறினாரே, அங்கே வரி கேட்கமாட்டார்களா? ஒரே டிக்கெட்டில் வந்து, 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானத்தைப் பிடிப்பவரிடம் கேட்பதில்லை. அவர் வழிப்போக்கர்தான், புறப்பட்ட ஊர் வேறு என்பது சட்டம்.

கடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதாக விளங்கும். புதுச்சேரிக்குள் போகும்போது வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் ஒன்றுதான். வரி வேறு. அதே கதைதான் இதுவும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது

லண்டனில் இருப்பவர் டப்ளின் வழியாக ஒரே டிக்கெட் வாங்கினால் போதாதா? போதாது. புறப்பட்ட இடம் லண்டன், போய்ச் சேரும் இடம் சென்னை என்று எடுத்துக்கொண்டு முழு வரியையும் வாங்கிவிடுவார்கள்.

ஆகவே இரண்டு டிக்கெட் வேண்டும். லண்டனிலிருந்து டப்ளினுக்குத் தனி டிக்கெட். டப்ளினிலிருந்து சென்னைக்கு இன்னொரு தனி டிக்கெட். அந்த இரண்டாவது டிக்கெட் லண்டன் வழியாக இருந்தால், காலையில் விட்டுப்போன அதே விமான நிலையத்துக்கு மாலையில் திரும்பி வரவேண்டும்!

சரி, லாபம் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். சாதாரண வகுப்பு. லண்டனில் ஏறினால் பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து வரி 204 பவுன். டப்ளினில் ஏறினால் இது மிச்சம். ஆனால் நாலு பேரும் டப்ளினுக்குப் போய் வரவேண்டும். வரி உள்பட தலைக்கு 50 பவுன் என்று வைத்துக்கொண்டாலும் 200 பவுன் ஆகிவிடும். கையில் நிற்பது 4 பவுன்! பெட்டிக்குத் தனிக்கட்டணம் உண்டு. ராத்திரி தங்கினால் ஓட்டல் செலவு உண்டு. அந்த 4 பவுனும் போய், மேற்கொண்டும் கொடுக்க வேண்டிவரும். டிக்கெட் விலையே டப்ளினில் வெகுவாகக் குறைந்திருந்தால்தான் இந்தக் குடும்பத்துக்கு லாபம்.

இனி வசதியுள்ள ஒரு தம்பதியைப் பாருங்கள். உயர்ந்த வகுப்பில் வருகிறார்கள். லண்டனில் ஏறினால் வரி 488 பவுன். டப்ளின் போய்வர 100 பவுன் போனாலும், வரியில் மட்டும் 388 பவுன் மிச்சம்.

இதுதான் விஷயம். இந்த யோசனை பணம் அதிகம் உள்ளவருக்கு அதிகம் மிச்சம் செய்து கொடுக்கிறது. சிக்கனமாக வாழும் குடும்பத்துக்கோ, சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்!

மூன்று ஆபத்துகள்

செலவை விடுங்கள். முதலுக்கே மோசம் வரக்கூடிய இடங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, விசா. அயர்லாந்து தனி நாடு. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள் தடையில்லாமல் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அப்படிப் போக முடியாது. லண்டனில் வசிக்கும் அனுமதி இருக்கிறதே என்று நினைத்து டப்ளினுக்கு டிக்கெட் வாங்கிவிடக்கூடாது. விசா விஷயத்தை முதலில் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, தாமதம். லண்டனில் மூடுபனி. டப்ளின் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். நீங்கள் போய்ச் சேருவதற்குள் சென்னை டிக்கெட்டுக்குரிய விமானம் கிளம்பிவிட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. கம்பெனியின் தவறால் நெடுந்தூரப் பிரயாணம் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஐரோப்பியச் சட்டப்படி தலைக்கு 600 ஈரோ நஷ்டஈடு கேட்கவும் வழி உண்டு. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால்? முதல் கம்பெனி, "டப்ளினில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லும். இரண்டாவது கம்பெனி, "நீங்கள் வரவில்லை, டிக்கெட் போயிற்று" என்று சொல்லும். நாலு பேருக்கும் புது டிக்கெட் வாங்கவேண்டும். அதுவும் அன்றைய விலையில்!

மூன்றாவது, நடுவில் ஏறுவது. "டப்ளினுக்குப் போவானேன்? டப்ளின் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு லண்டனிலேயே ஏறிவிடலாமே" என்று சிலருக்குத் தோன்றும். அது நடக்காது. முதல் பகுதியில் பறக்காவிட்டால் மீதி டிக்கெட் முழுவதையும் ரத்து செய்துவிடுவதுதான் கம்பெனிகளின் வழக்கம்.

கடைசிப் பகுதியை விட்டுவிடுவதிலும் தொல்லை உண்டு. பெட்டி டப்ளினுக்குப் போய்விடும். வழக்கும் வரலாம். ஜெர்மனியில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. ஒரு பிரயாணி நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய்வர டிக்கெட் வாங்கினார். திரும்பும்போது ஆஸ்லோவுக்குப் போகாமல் பிராங்க்பர்ட்டிலிருந்து பெர்லினுக்குப் போய்விட்டார். லுப்தான்சா கம்பெனி அவர்மீது 2,112 ஈரோ கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. அவர் தப்பினார். ஆனால் கோர்ட்டுப் படி ஏறவேண்டி வந்ததே!

சர்க்கார்கள் பட்ட பாடு

பக்கத்து நாட்டில் வரி குறைவாக இருந்தால் கஷ்டப்படுவது பிரயாணி மட்டும் அல்ல. சர்க்காரும்தான்.

நெதர்லாந்து 2008 ஜூலையில் ஒரு விமான வரி போட்டது. தூர நாடுகளுக்குப் போகிறவருக்கு 45 ஈரோ. உடனே மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போய் விமானம் ஏறினார்கள். ஒரே ஆண்டு. 2009 ஜூலையில் சர்க்கார் அந்த வரியைக் கைவிட்டது. பிறகு 2021-ல்தான் மறுபடி வரி போட்டார்கள்.

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதன் தலைநகர் பெல்பாஸ்ட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் டப்ளின். பெல்பாஸ்ட்டிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் காப்பாற்ற, அங்கிருந்து நேரே போகும் நெடுந்தூர விமானங்களுக்கு 2013 ஜனவரியில் வரியை ரத்து செய்தார்கள். அப்படியும் 2017 ஜனவரியில் அந்த விமானம் நின்றுபோயிற்று. வரி மட்டும் காரணம் அல்ல, ஆட்கள் கூடும் இடத்தில்தான் கடையும் நிற்கும் என்பதை அது காட்டியது.

நீங்கள் செய்யவேண்டியது

பணம் மிச்சம் பிடிப்பது நல்லதுதான். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி எழுதுங்கள். ஒரு பக்கம் லண்டன் டிக்கெட். இன்னொரு பக்கம் டப்ளின் டிக்கெட், போய்வரும் செலவு, பெட்டிக் கூலி, ஓட்டல், விசாக் கட்டணம். வித்தியாசம் கணிசமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்படிப் போவதானாலும் முதல்நாளே டப்ளினுக்குப் போய்விடுங்கள்.

கலியாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று நாள் தவறக்கூடாத காரியங்களுக்கு இந்தக் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். ஊரிலே அம்மா படுத்த படுக்கையாக இருக்கும்போது, நூறு பவுனுக்காக டப்ளின் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

அடுத்த தடவை லண்டனிலிருந்து மகனோ மகளோ போனில், "டப்ளின் வழியாக வருகிறோம், மலிவு" என்று சொன்னால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?"