கடன் வாங்கியவர் குற்றவாளி... கொடுத்தவர் யார்?

“கட்ட முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் கடன் வாங்கினாங்க?” 2008 அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி பற்றிப் பேசினாலே முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். வருமானத்தைக் கூட்டிச் சொல்லி வாங்கியவர்களும் உண்டு.

ஆனால், அந்த வருமானத்தைச் சரிபார்ப்பது யார் வேலை? கடன் கொடுத்தவர் வேலை. சிக்கலே அங்கேதான். கொடுத்த கடனைப் பல நிறுவனங்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளவில்லை. வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிட்டன. அங்கே ஆயிரக்கணக்கான கடன்களை மொத்தமாகச் சேர்த்துப் பத்திரமாக்கி, முதலீட்டாளர்கள் தலையில் கட்டினார்கள். ரேட்டிங் நிறுவனங்கள் ‘ஏஏஏ’ முத்திரை குத்தின. அந்த முத்திரைக்குக் கட்டணம் கொடுத்ததும் பத்திரத்தை வெளியிட்டவர்களே! கடன் திரும்பி வருமான்னு யார் கவலைப்படுவாங்க? கமிஷன்தான் கைக்கு வந்துவிட்டதே.

பல கடன்களில் முதல் 2 வருடம் வட்டி குறைவு, அப்புறம் எகிறும். வீட்டு விலை சரிந்ததும், புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்கும் வழியும் அடைபட்டது.

2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் சட்டமானது. பெரிய வங்கிகள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தன, உண்மைதான். ஆனால், அதற்கான அவகாசம் அவர்களுக்குக் கிடைத்தது. லட்சக்கணக்கான வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்ததோ ஜப்தி நோட்டீஸ். இந்தப் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்து மூழ்கிய ஏஐஜி, அரசுப் பணத்தில் பிழைத்தது. 2009-ல் அதே பிரிவு ஊழியர்களுக்குச் சுமார் 16.5 கோடி டாலர் போனஸ்!

தப்பு ரெண்டு பக்கமும் இருக்கலாம். ஆனால், கணக்கு தெரிந்தவருக்கு மீட்பு, தெரியாதவருக்குத் தண்டனைன்னா, பழியை முதலில் யார் மேல் போடணும்?