கண்ணைக் கொடுத்த சாமியும் கண்ணைக் குத்தும் சாமியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு வேண்டிய நெசவாளத் தோழர் ஒருவருடைய வீட்டிற்குச் சென்ற மாதம் போயிருந்தோம். பெரியவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேரன் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "என்னடா அப்படிச் சிரிப்பு?" என்று பெரியவர் கேட்டார்.

"தாத்தா, இதிலே ஒரு சாமியோட சுத்தியலை ராட்சதன் திருடிட்டான். அதை மீட்க அந்தச் சாமியே கல்யாணப் பொண்ணு வேஷம் போட்டுக்கிட்டுப் போகுது. விருந்திலே ஒரு முழு மாட்டையும் எட்டு மீனையும் தின்னுடுச்சு. மாப்பிள்ளை பயந்துபோயிட்டான்!" என்றான் பையன். பெரியவரும் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

அந்தப் புத்தகம் எது என்று வாங்கிப் பார்த்தோம். அமெரிக்காவில் முன்பு பள்ளி ஆசிரியராயிருந்த ரிக் ரியோர்டன் என்பவர் 2016-இல் வெளியிட்ட 'ஓட்டல் வல்ஹல்லா' என்னும் கையேடு அது. வட அய்ரோப்பாவில் ஒரு காலத்தில் கும்பிடப்பட்ட ஓடின், தோர், லோக்கி முதலிய கடவுள்களை, அவர் எழுதிய மேக்னஸ் சேஸ் கதைகளைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைக்கும் வேடிக்கைப் புத்தகம். சண்டையில் செத்த வீரர்கள் போய்ச் சேரும் சொர்க்கம் அவர் கதையில் ஒரு ஓட்டல். அங்கே வந்து தங்குகிற விருந்தாளி எந்தச் சாமி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு கையேடு வேண்டாமா? அதுதான் இது.

நிற்க. பையன் அடுத்தபடியாக ஒரு கதை சொன்னான். கடவுள்கள் தங்கள் ஊருக்கு மதில் கட்ட ஒரு கொத்தனை அமர்த்தினார்களாம். ஒரே குளிர்காலத்திற்குள் கட்டி முடித்தால் பிரேயா என்ற தேவியையும், சூரிய சந்திரர்களையும் கூலியாகக் கொடுப்பது என்று பேச்சு. அவனும் அவனுடைய குதிரையுமாக இராப்பகலாய் உழைத்து, கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் மதில் முடிகிற தறுவாய்க்கு வந்துவிட்டது. கடவுள்களுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. உடனே லோக்கி என்ற தந்திரசாலி ஒரு பெட்டைக் குதிரையாய் வேஷமெடுத்து, கொத்தனுடைய குதிரையை மயக்கிக் காட்டிற்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வேலை நின்றது. கோபங்கொண்டு கத்திய கொத்தன் ராட்சத சாதி என்று தெரிந்ததும் தோர் அவனுடைய மண்டையை உடைத்துக் கணக்கை முடித்தார். மதில் மட்டும் கடவுள்களுக்கே மிச்சம்.

இதைக் கேட்டதும் பெரியவருடைய கையில் நாடா நின்றுவிட்டது. "வேலையை வாங்கிக்கிட்டுக் கூலியைத் தரலியா? அநியாயமாச்சே!" என்றார். "ஆமாம் தாத்தா, அந்தச் சாமிங்க பண்ணினது தப்புத்தான்" என்றான் பையன்.

கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கம் நாடா தள்ள ஒரு துணைக்கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத ஒரு சிறுபிள்ளையின் கையாகவே இருந்தது. பெரியவரும் அப்படி உட்கார்ந்தவர்தான். கூலியின் அருமை அவருக்குத் தெரியும். ஆகவே கடவுள்களே ஆனாலும் கூலிக்காரனை ஏமாற்றினால் அது அநியாயந்தான் என்று தாத்தாவும் பேரனும் சேர்ந்து, யாதொரு பயமுமின்றித் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதுவரையில் சரி. பையன் அத்தோடு நிற்கவில்லை. "தாத்தா, நம்ம வரதராஜர் கோயில் பல்லிக் கதையும் இப்படித்தானே? குருவுக்குக் கொண்டுவந்த தண்ணியிலே பல்லி கிடந்ததுன்னு ரெண்டு பசங்களைப் பல்லியாப் போகச் சொல்லிச் சபிச்சாரே, அது மட்டும் நியாயமா?" என்று கேட்டான். அவ்வளவுதான். "வாயை மூடுடா, சாமி கண்ணைக் குத்தும்!" என்று உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது. பையன் புத்தகத்தை மூடினான். பெரியவர் நாடாவை எடுத்துக்கொண்டார்.

தோழர்களே! பாட்டியம்மாளை நாம் குறை கூற வரவில்லை. அந்த அம்மாளுக்கும் அவருடைய பாட்டி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். நாம் கேட்பதெல்லாம், ஒரே நிமிஷத்திற்குள் ஒரே பிள்ளையின் நியாய புத்தி ஒரு கதைக்குத் திறந்தும் மற்றொரு கதைக்கு மூடியும் போவானேன் என்பதேயாகும்.

"அவை செத்துப்போன சாமிகள், நம்முடையவை உயிரோடிருக்கும் சாமிகள்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அந்தச் சாமிகளும் ஒரு நாள் உயிரோடு இருந்தவைதான். ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் தோர், ஓடின், பிரேய் ஆகிய மூவருக்கும் விக்கிரகங்கள் இருந்தன என்றும், மனிதர்களைக்கூடப் பலி கொடுத்தார்கள் என்றும் பிரேமன் நகரத்து ஆதாம் என்ற பாதிரி 11-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஊரிலே ஒரு பிள்ளை சிரித்திருந்தால் அதற்கும் கண்ணைக் குத்தும் கதைதான் சொல்லப்பட்டிருக்கும். ஐஸ்லாந்துக்காரர்கள் 1000-ஆம் ஆண்டையொட்டித் தங்கள் பொதுச்சபையிலே கூடிப் பேசி அந்தச் சாமிகளை விட்டார்கள். விட்டுவிட்டுப் பகுத்தறிவாளர்களாகிவிட்டார்களா என்றால், இல்லை; ஒரு சாமிக் கூட்டத்தை இறக்கிவிட்டு வேறொரு சாமியை ஏற்றிக்கொண்டார்கள். ஆனாலும் இறக்கிவிடப்பட்ட சாமிகளின் கதைகளுக்கு அதனால் ஒரு நன்மை விளைந்தது. ஏறக்குறைய 1220-இல் ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் அந்தக் கதைகளையெல்லாம் தொகுத்து 'எட்டா' என்ற நூலாக எழுதினார். யாருக்காக? பாட்டுக்கட்டப் பழகும் இளைஞர்களுக்காக! ஆகவே பிள்ளைகளுக்கான கையேடு என்பது அமெரிக்காக்காரருடைய புது யோசனையன்று. 800 வருஷத்துப் பழைய யோசனை. கும்பிடுவது நின்றதும் கதை செத்துப்போய்விடவில்லை. கதைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேற்படி சாமிகளுக்குப் பென்ஷனும் உண்டு. இங்கிலீஷில் செவ்வாய் டியூ என்ற டியருக்கும், புதன் ஓடினுக்கும், வியாழன் தோருக்கும், வெள்ளி பிரிக் என்ற தேவிக்கும் உரிய நாட்கள். பூசையுமில்லை, உண்டியலுமில்லை, வாரத்துக்கு ஒரு நாள் பேர் சொன்னால் போதும். 1972-இல் ஐஸ்லாந்திலே ஒரு சிறு கூட்டத்தார் சங்கம் வைத்து அந்தப் பழஞ்சாமிகளை மறுபடியும் கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாடட்டும், பிள்ளைகளின் சிரிப்பு அதனால் நிற்கவில்லை.

இந்த உண்மையை இதே காஞ்சிபுரத்திலே, நெசவாளர் குடும்பத்திலே 1909-இல் பிறந்த ஒருவர் வெகு காலத்திற்கு முன்பே கண்டு சொன்னார். அவர் அண்ணாதுரை. 1942-இல் இவ்வூரிலிருந்து 'திராவிட நாடு' இதழை நடத்தத் தொடங்கிய அவர், மக்கள் கைவிட்ட பழைய கடவுள்களைப் பற்றி எழுதியதற்கு வைத்த பெயர் 'மாஜி கடவுள்கள்' என்பது. மாஜி மந்திரி என்பதுபோல மாஜி கடவுள்! பதவியைக் கொடுத்தவர்களும் மக்கள்தான், எடுத்தவர்களும் மக்கள்தான் என்பதை அந்த ஒரு வார்த்தையிலேயே சொல்லிவிட்டார்.

நம்முடைய கதைகளையும் அப்படி வேடிக்கையாய்ச் சொல்லக்கூடாதா என்றால், தாராளமாய்ச் சொல்லலாம். அதே ரியோர்டனுடைய ஆதரவில் ரோஷனி சோக்ஷி என்ற அம்மையார் 2018-இல் 'அரு ஷா' என்ற கதையை எழுதினார். அதிலே பாண்டவர்கள் பெண் குழந்தைகளாய்ப் பிறந்து வந்து ரகளை செய்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் படித்துச் சிரிக்கிறார்கள். மகாபாரதம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

காஞ்சிபுரத்திற்கே ஒரு கையேடு போட்டால் எவ்வளவு ருசியாயிருக்கும்! பிரமன் பெண்டாட்டியை விட்டு யாகம் செய்யப் போக, சரசுவதி கோபித்து வேகவதி ஆறாய்ப் பாய்ந்து வர, விஷ்ணு குறுக்கே அணையாய்ப் படுத்துக்கொண்டாராம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் குறுக்கே விழுந்தவர் கதி என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். அதே திருவெஃகாவில், சீடனை அரசன் ஊரைவிட்டுத் துரத்தியதும் ஆழ்வார் கிளம்ப, ஆழ்வார் சொன்னாரென்று பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். வேலை நிறுத்தம் செய்த முதல் சாமி என்று அவரைப் பாராட்டலாம். மார்க்கண்டேய ரிஷி தாமரை நூலெடுத்துத் தேவர்களுக்கு ஆடை நெய்தார், நெசவாளர்கள் அவருடைய வம்சம் என்று பெருமையாய்ச் சொல்லுகிறார்கள். தேவர்கள் கூலி கொடுத்தார்களா என்பதை மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம்!

ஆனால் இப்படியொரு கையேட்டை அச்சிடும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு? 1927-இல் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2024-இல் சட்டத்தின் பெயர் மாறியும் அந்தப் பிரிவு 299 என்ற புது எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே மத உணர்ச்சியைப் புண்படுத்துவதுதான் குற்றம் என்று அது சொன்னாலும், வழக்கு என்ற பெயரே அச்சாபீசுக்காரரை நடுங்கவைக்கப் போதும். பெரியாருடைய இராமாயண ஆராய்ச்சியின் ஹிந்தி மொழிபெயர்ப்பை 1969-இல் உத்தரப் பிரதேச சர்க்கார் பறிமுதல் செய்தது. அது செல்லாது என்று ஹைகோர்ட் சொல்லி, சர்க்காருடைய அப்பீலை 1976-இல் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளிய பிறகே அந்த வழக்கு ஓய்ந்தது.

"மற்ற மதத்துச் சாமிகளைப் பார்த்துச் சிரிப்பீர்களா?" என்று கேட்பார்கள். எல்லாச் சாமிக்கும் ஒரே தராசுதான். மேல்நாட்டாரும் இந்த விஷயத்தில் பெரிய யோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் மாஜி சாமிகளைப் பார்த்துச் சிரிக்கிற அளவு, நடப்பில் கும்பிடுகிற சாமியைப் பார்த்துச் சிரிப்பதில்லை. "பயம் போனால் ஒழுக்கம் போய்விடும்" என்பார்கள். பிள்ளையார்பாளையத்துப் பையனைப் பாருங்கள். பயமில்லாதபோதுதானே அவன் கொத்தனுக்காக நியாயம் பேசினான்? பயம் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். இதிலே ஒழுக்கம் எந்தப் பக்கம்?

அந்தக் கையேட்டுச் சாமிகளுக்கெல்லாம் தலைவரான ஓடினுக்கு ஒரு கண்தான். மிமிர் என்பவனுடைய கிணற்றில் அறிவுத் தண்ணீர் ஒரு வாய் குடிப்பதற்கு விலையாகத் தன்னுடைய ஒரு கண்ணையே கொடுத்துவிட்டாராம். கதைதான், ஆனால் அறிவு வேண்டுமென்று தன் கண்ணைக் கொடுத்த சாமியின் கதை. அறிவோடு ஒரு கேள்வி கேட்டால் பிள்ளையின் கண்ணைக் குத்தும் என்பதும் ஒரு கதைதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றில் எந்தக் கதையைச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பெற்றோர்களே யோசித்துப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.