கங்காணி ஒழிந்தானா?

அயல்நாட்டு வாழ்வு மனிதனுக்கு அறிவூட்டும் என்று சொல்லாதார் இல்லை. அங்ஙனமாயின், நூறாண்டுக்கு மேலாகக் கடல் கடந்து வாழும் நாம் கற்ற பாடம் யாது? இதற்கு விடை காண ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாலைப்பொழுது நடந்து பார்த்தால் போதும்.

பூக்கடையும் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் விளக்கொளியில் மின்னுகின்றன. முதலாளி நம்மவர், உண்ண வருவோரும் நம்மவர். பின்கட்டில் எச்சில் இலை எடுப்பவன் யார்? தமிழ்நாட்டில் கடன்பட்டு, தரகனுக்குப் பணம் கட்டி வந்திறங்கிய தமிழன். அவனை “ஊர்க்காரன்” என்கிறோம். சொல்லில் குற்றமில்லை; சொல்லும்போது நம் உதடு கோணுகிறதே, அதுதான் குற்றம்.

தோழர்களே! அவன் வந்த வழிதான் நம் பாட்டன் வந்த வழி. கங்காணி ஊருக்கு வந்தான், ஆசை காட்டினான், முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றினான். வேலைக்கு நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றான். 1938-இல் இந்திய அரசாங்கம் அக்கூலிக் குடியேற்றத்தைத் தடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவும் ஒழிய வேண்டும் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் குண்டுபட்டு மாண்டனர். அம்மானத்தின் விலை அது.

நிற்க. அண்மையில் ஒரு கடையில் பரிமாறிய இளைஞனிடம், “தம்பி, உன் பாஸ்போர்ட் எங்கே?” என்று கேட்டோம். “முதலாளிகிட்ட பத்திரமா இருக்குங்க ஐயா” என்றான். பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது இந்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பத்திரமாயிருப்பது பாஸ்போர்ட்டா, முதலாளியின் பிடியா?

“சோறு போடுகிறோம், இடம் தருகிறோம், ஊரில் அவனுக்கு இதுவும் கிடையாதே” என்பர் சிலர். லயத்தைக் காட்டி வெள்ளைத் துரை சொன்னதும் இதுவேயன்றோ? “இவர்கள் நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள்” என்பர் வேறு சிலர். பறிப்பது அவனன்று, அவனுக்குக் கொடுக்கப்படும் குறைகூலி. அவன் கூலி உயர்ந்தால் உம் பிள்ளையின் கூலியும் தாழாது.

“அவன் அந்நியன், நாம் குடிமக்கள்” என்பதும் ஒரு வாதமாம்! 1969-இல், குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி அமலானபோது நிகழ்ந்தது மறந்துபோயிற்றா? பால்மரம் சீவியே முதுகு வளைந்த நம்மவர் பல்லாயிரவர் பிழைப்பிழந்து கப்பலேறினர். நேற்றுவரை பக்கத்து லயத்துக்காரன், மறுநாள் அந்நியன்! இருவருக்கும் இடையே நின்றது ஒரு காகிதம். அக்காகிதம் கிடைத்தவன், கிடைக்காதவனை இழிவாக நோக்குவதுதான் அயல்நாட்டு வாழ்வு தந்த அறிவா?

பெரிய தருமம் எதையும் நாம் கேட்கவில்லை. அவன் பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுங்கள். பேசிய கூலியைப் பேசிய நாளில், கணக்குச் சீட்டோடு கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். உண்ணச் செல்வோர் அவன் பெயரைக் கேட்டு, அப்பெயரால் அழையுங்கள்.

துரை போய்விட்டான், கங்காணி ஒழிந்தான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கல்லாப் பெட்டியின் பூட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பிறன் பாஸ்போர்ட் இருக்குமாயின், கங்காணி ஒழியவில்லை, நம் முகத்தில்தான் குடியிருக்கிறான்.