வயலை விற்று ஜீன் ஊசி போட வேண்டுமா?



வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்டிருந்தான். ஒரே ஊசி, ஜீன் தெரபியாம். வயசான மூளைச் செல்களைக் காக்குமாம், ஹார்மோனையும் சமன் செய்யுமாம். அவன் அம்மாவுக்கு வயது 68. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். தென்காசிப் பக்கம் இருக்கிற வயலை விற்றாவது வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகட்டுமா என்கிறான். நம் குடும்பக் குழுவிலும் அதே வீடியோ சுற்றுவதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

விற்காதே. அதுதான் என் பதில்.

ஜீன் தெரபி பொய் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியா நோயாளிகள் 5 பேரின் ஸ்டெம் செல்லை எடுத்து, குறைபட்ட ஜீனின் நல்ல பிரதியை அதில் ஏற்றி, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். அதன் பிறகு ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. நம் மாநிலத்தில் நடந்த வேலை, பெருமைதான். 2021இல் நாமக்கல் குழந்தை ஒன்றுக்கு ஊரெல்லாம் சேர்ந்து 16 கோடி ரூபாய் திரட்டிப் போட்ட ஊசியும் ஜீன் தெரபியே. அது முதுகுத்தண்டின் நரம்புச் செல்களைக் காக்கிறது. ஆனால் இரண்டிலும் கெட்டது ஒரே ஒரு ஜீன். எது என்றும் தெரியும். முதுமை அப்படியா?

மூளைக்கும் முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 49 பேரை வைத்து ஒரு சோதனை. நரம்பு வளர்ச்சிப் புரதத்துக்கான ஜீனை மண்டையில் துளையிட்டுச் சிலருக்குச் செலுத்தினார்கள், மற்றவர்களுக்குப் போலி அறுவை. 2018இல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இறந்தவர்களின் மூளையைப் பின்னால் ஆராய்ந்தபோது, புரதம் போய்ச் சேர வேண்டிய செல்களுக்குப் போகவே இல்லை என்று தெரிந்தது. குளம் நிறைந்தும் கடைமடை காய்ந்த கதை. சிற்றாற்றுப் பாசனக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

ஹார்மோன் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. தைராய்டு மாத்திரையை ரத்தப் பரிசோதனை பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே போன ஜீனை அப்படி நிறுத்த முடியாது. அதைச் சுமந்து போகும் வைரஸுக்கு உடம்பு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வதால், இரண்டாம் முறை கொடுப்பதும் கடினம். மாத்திரையிலேயே ஏமாந்திருக்கிறார்கள்: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் மூளைக்கு நல்லது என்று நம்பியிருந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் சோதித்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா இரு மடங்கானது. அது 2003இல்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் வல்லாரை லேகியம் விற்கிறார்கள். அது வேலை செய்கிறதோ இல்லையோ, அதற்காக யாரும் வயலை விற்றதில்லை!

நான் டாக்டர் இல்லை, உயிரியல் நடத்தியவன். அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அம்மா டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார்களா? "ஆமா சார், தெருவுக்கே கேக்கும்" என்றான். காது கேளாமையும் டிமென்ஷியாவுக்கு ஒரு காரணி. லான்செட் குழு 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளில் அதுவும் உண்டு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, பார்வைக் குறைவும் உண்டு. இவற்றைக் கவனித்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறார்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதி வரும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் உண்டு. பிரஷருக்கும் சுகருக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைச் சாப்பிடாமல் டப்பாவில் போட்டு வைக்கிறவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை.

அந்தத் தம்பி அடுத்த மாதம் லீவில் வருகிறான். அம்மாவை முதலில் காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன், பிறகு ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு நரம்பியல் மருத்துவர். வயல் புரோக்கரிடம் அவனே பேசி நிறுத்திவிட்டானாம்.