தொட்டறியும் கை

பயிற்சி மருத்துவரின் கையில் செயற்கை நுண்ணறிவைக் கொடுத்துவிட்டால் குழந்தைகளின் நோயைப் பிழையின்றிக் கண்டறியலாம் என்று இன்று பலர் பேசுகின்றனர். மூத்த மருத்துவர்கள் வந்து தங்கத் தயங்கும் ஆரம்பாக்கம் போன்ற ஏரிக்கரை ஊர்களுக்கு அதுவே போதும் என்றும் வாதிடுகின்றனர். முதற் கூற்றில் பாதி உண்மை உண்டு. இரண்டாவதை நாம் ஏற்றல் ஆகாது.

1999இல் இங்கிலாந்தில் இசபெல் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்குச் சின்னம்மை கண்டது. அதைத் தொடர்ந்து தசையை அரிக்கும் கொடிய தொற்று மூண்டதை மருத்துவர்கள் தொடக்கத்தில் உணரவில்லை. மகள் பிழைத்தெழுந்தபின், தந்தை ஜேசன் மோட், குழந்தை மருத்துவர் ஜோசப் பிரிட்டோவுடன் இணைந்து ஒரு கணினி முறையை உருவாக்கினார். அது தீர்ப்புக் கூறுவதில்லை. 'இவற்றையும் எண்ணிப் பார்த்தீரா?' என்று கேட்பதுபோல் நோய்களின் பட்டியலை முன்வைக்கும். 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில் இளநிலை மருத்துவர்கள் முதலில் தம் கணிப்பைப் பதிந்தனர். பின்னரே பட்டியலைக் கண்டனர். பாதுகாப்பற்ற கணிப்புகள் குறைந்தன. இதை மறுப்பது அறிவீனம்.

ஆனால் அப்பட்டியல் எதிலிருந்து எழுகிறது? மருத்துவர் கண்டு சொன்னவற்றிலிருந்தே. தமிழ்நாட்டுக் குழந்தைகளை வாட்டும் உண்ணிக் காய்ச்சலை எண்ணுங்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டாற்போல ஒரு கரும்புண் பல வேளைகளில் தோன்றும். அது அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, காதின் பின்புறத்திலோ ஒளிந்திருக்கும். வலிக்காதாகையால் பிள்ளை சொல்லாது, தாயும் அறியாள். சட்டையைக் கழற்றித் தேடிய கண்ணுக்கே அது புலப்படும். தேடாதவர் அதைக் கணினியில் எவ்வாறு பதிவார்? விலை குறைந்த மருந்தால் தீரும் நோய், காலம் தாழ்ந்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

ஆரம்பாக்கம் எல்லையூர். தாய் நோயைத் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து சொல்வாள். முறைவைத்துப் பாடு நடக்கும் பழவேற்காட்டு ஏரியில், ஒருநாள் பாட்டைத் தவறவிட்ட குடும்பம் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். 'நாளை வாருங்கள்' என்னும் சொல்லின் விலையை எந்தக் கணினி அறியும்?

நகரத்துப் பிள்ளைக்கு மூத்த மருத்துவரும் கணினியும். மீனவர் பிள்ளைக்குக் கணினி மட்டுமா? ஒன்றுமில்லாததற்கு இது மேலன்றோ என்பர். அவ்வாதமே அங்கு மருத்துவரை அனுப்பாதிருப்பதற்குச் சாக்காகிறது. 2025 சனவரியில் உரோமை வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடும், நோயாளிக்கும் மருத்துவருக்குமுள்ள உறவின் இடத்தை இயந்திரம் பறித்துவிடக் கூடாதென்றே எச்சரிக்கிறது. ஆண்டவர் யாயீரின் இல்லத்துக்கு நேரில் சென்று, சிறுமியின் கையைப் பற்றினார் அல்லவா?

ஆகவே, நம் மருத்துவமனைகள் கணினியை விலக்க வேண்டா, வரிசையை மாற்றாதிருக்கட்டும். பயிற்சி மருத்துவர் முதலில் பிள்ளையைத் தொடட்டும். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணட்டும். தம் கணிப்பைத் தம் கையால் எழுதட்டும். அதன்பின் கணினி கேட்கட்டும். அருகில் ஒரு மூத்தவர் நிற்கட்டும். அந்த மூத்தவரை ஏரிக்கரைக்கு அனுப்பும் கடமையிலிருந்து எந்தக் கருவியும் நம்மை விடுவிக்காது.